போகிப் புகை காலை ஒன்பது மணிக்கு எங்கே போகிறது?

மார்கழியின் கடைசி நாள், விடியற்காலை. சென்னையில் தெருவுக்குத் தெரு பழைய பாய், கிழிந்த மெத்தை, தேய்ந்த டயர் எல்லாம் எரிகின்றன. பிள்ளைகள் போகி மேளம் அடிக்கிறார்கள். ஐந்தரை மணிக்கு எதிர் வீடு தெரிவதில்லை. மீனம்பாக்கத்தில் விமானங்கள் தாமதமாகின்றன. 2018 போகியன்று ஓடுபாதை கண்ணுக்குத் தெரியாமல் பல விமானங்களை வேறு ஊர்களுக்கே திருப்பிவிட வேண்டியிருந்தது. ஒன்பது, பத்து மணிக்கெல்லாம் வெயில் ஏறி எல்லாம் தெளிந்துவிடுகிறது. மறுநாள் பொங்கல், அதோடு செய்தியும் முடிந்துவிடுகிறது.

ஆனால் ஒவ்வொரு ஆண்டும் அதே குழப்பங்கள் மிஞ்சுகின்றன. மூச்சு முட்டும் நேரத்தில் காற்றின் தரத்தைச் சொல்லும் அரசுச் செயலி "மிதமானது" என்று காட்டுகிறது, இன்னொரு செயலி அதே நிமிடம் "அபாயம்" என்கிறது, எது சரி? வருஷத்தில் ஒரு நாள் எரிப்பதால் என்ன ஆகிவிடப் போகிறது? இதெல்லாம் டெல்லிப் பிரச்சினை, கடலோரத்தில் இருக்கும் சென்னைக்கு எதற்கு? இவற்றுக்கெல்லாம் பதில் வேண்டுமென்றால் முதலில் அந்தப் புகை எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும்.

புகைக்குள் என்ன இருக்கிறது

எதை எரித்தாலும் வாயுக்களும் துகள்களும் வெளியே வரும். வாயுக்கள் கண்ணுக்குத் தெரியாது. புகை என்று நாம் பார்ப்பது துகள்களைத்தான். அதிலும் ஒவ்வொரு துகளாக நம்மால் பார்க்க முடியாது, கோடிக்கணக்கில் சேர்ந்து ஒளியைச் சிதறடிக்கும்போதுதான் வெள்ளையாகவோ கறுப்பாகவோ தெரிகிறது.

இந்தத் துகள்களை அளவை வைத்துப் பிரிக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் தடிமன் சுமார் 50 முதல் 70 மைக்ரான். பிஎம் 10 என்றால் 10 மைக்ரானும் அதற்குக் கீழும் உள்ள துகள்கள். பிஎம் 2.5 என்றால் 2.5 மைக்ரானும் அதற்குக் கீழும். சாலைத் தூசி, கட்டடத் தூசி எல்லாம் பெரும்பாலும் பெரிய துகள்கள். அவை சீக்கிரம் தரையில் படிந்துவிடும், மூச்சில் போனாலும் தும்மலோ சளியோ பெரும்பாலும் வெளியே தள்ளிவிடும். எரிப்பதால் வரும் துகள் அப்படியல்ல. பெரும்பாலும் ஒரு மைக்ரானுக்கும் குறைவு. தரையில் படியாமல் நாள்கணக்கில் காற்றில் மிதக்கும், மூக்கில் நிற்காமல் நுரையீரலின் கடைசிக் காற்றுப்பை வரை போகும். கட்டுரை முழுக்க இந்த அளவு வித்தியாசம் திரும்பத் திரும்ப வரும், அதனால் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்கு மட்டும் ஏன் கலையவில்லை

நிறைய எரிகிறது என்பது பாதிக் காரணம்தான். அதே அளவு குப்பையை ஜூன் மாத மதியம் இரண்டு மணிக்கு எரித்தால் அரை மணி நேரத்தில் காணாமல் போய்விடும். போகியன்று போகாததற்கு நான்கு விஷயங்கள் ஒன்றாகச் சேர்கின்றன.

1. மேலே ஒரு மூடி விழுகிறது. பகலில் தரை சூடாகும், தரையைத் தொட்ட காற்றும் சூடாகி மேலே போகும், புகையையும் தூக்கிக்கொண்டு போகும். ஜனவரி இரவில் வானம் தெளிவு, மேகம் இல்லை. தரை தன் வெப்பத்தையெல்லாம் வானத்துக்கு விட்டுவிட்டுக் குளிர்ந்துவிடுகிறது. அப்போது கீழே குளிர்ந்த காற்று, அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று. குளிர்ந்த காற்று கனமானது, அது மேலே ஏறாது. இதற்கு வெப்பத் தலைகீழ் மாற்றம் என்று பெயர். பகலில் ஒரு கிலோமீட்டர் உயரம் வரை பரவ இடம் இருந்த புகைக்கு, விடியற்காலையில் ஓரிரு நூறு மீட்டர்தான் இடம், சில நாட்களில் அதுவும் இல்லை. குடித்தனம் அதே, வீடு மட்டும் பத்தில் ஒன்றாகச் சுருங்கிவிட்டது மாதிரி.

2. காற்று வீசுவதில்லை. இரவில் நிலத்திலிருந்து கடலுக்குப் போகும் நிலக்காற்று மெல்லிசானது. அது தள்ளிக்கொண்டு போன புகையும் கடலுக்கு மேலேயே நின்று, பகலில் கடற்காற்று தொடங்கும்போது ஓரளவு திரும்பி வரும். கடல் இருக்கிறதே, சென்னைக்கு ஒன்றும் ஆகாது என்பது பகலுக்குப் பொருந்தும், மார்கழி விடியலுக்குப் பொருந்தாது.

3. ஈரம். கடலோர ஊர், பனிக்காலம், காற்றில் நீராவி நிறைய. நீராவி திவலையாக மாற ஏதாவது ஒரு துகளைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அன்றைக்குத் துகளுக்குப் பஞ்சமே இல்லை. புகையும் பனியும் கலந்து கெட்டியான புகைமூட்டமாகிவிடுகிறது. ஓடுபாதையை மறைப்பது இந்தக் கலவைதான்.

4. நேரம். சென்னையில் ஜனவரி நடுவில் சூரியன் உதிக்க ஆறரை மணிக்கு மேல் ஆகும். மூடி மிகத் தாழ்வாக இருப்பது அதற்கு முந்தைய சில மணி நேரம். நாம் எரிப்பது சரியாக அந்த நேரத்தில். ஒரு நாளில் இதைவிட மோசமான நேரத்தைத் தேடினாலும் கிடைக்காது.

வெயில் ஏறியதும் தரை சூடாகிறது, மூடி உயர்கிறது, புகை பெரிய இடத்துக்குப் பரவுகிறது. ஒன்பது மணிக்கு நடப்பது அவ்வளவுதான். துகள்கள் அழிந்துவிடவில்லை, நீர்த்துப் போயிருக்கின்றன.

1952 டிசம்பரில் லண்டனில் நடந்ததும் இதே மூடிதான். அங்கே அது ஐந்து நாள் விலகவே இல்லை. வீட்டுக்கு வீடு எரிந்த நிலக்கரிப் புகை கீழேயே தங்கி, அப்போதைய கணக்கிலேயே சுமார் 4000 பேர் இறந்தார்கள். பிற்கால ஆய்வுகள் அதை 12,000 வரை கொண்டுபோகின்றன. டெல்லியின் நவம்பர் மூட்டத்துக்கும் இதுதான் அடிப்படை, அங்கே கூடுதலாக வடக்கே இமயமலைச் சுவர் வேறு.

பாயும் டயரும் ஒன்றல்ல

"தாத்தா காலத்திலிருந்து எரிக்கிறோம்" என்பது வழக்கமாக வரும் வாதம். தாத்தா எரித்தது கோரைப் பாய், ஓலை முறம், தேய்ந்த விளக்குமாறு, பருத்தித் துணி. அந்தப் புகையும் நல்லதல்ல, விறகுப் புகையும் நுரையீரலைக் கெடுக்கும். ஆனால் இப்போது குவியலில் கிடப்பது வேறு பொருள்கள்.

டயரில் இயற்கை ரப்பரோடு பெட்ரோலியத்திலிருந்து செய்த செயற்கை ரப்பர், கரித்தூள், கந்தகம், துத்தநாக ஆக்சைடு எல்லாம் இருக்கின்றன. எரித்தால் கந்தக டை ஆக்சைடும் பென்சீனும் வரும், பல கார்பன் வளையங்கள் சேர்ந்த பென்சோபைரீன் போன்ற சேர்மங்களும் வரும். பென்சீனும் பென்சோபைரீனும் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதிப்பட்டவை.

அடுத்தது பிவிசி என்ற பிளாஸ்டிக்: பைப், ரெக்சின் சீட், ஒயர் உறை. பிவிசியின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். எரிந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை வரும், கண் எரிச்சலுக்கு அதுவும் ஒரு காரணம். குறைந்த சூட்டில் புகைந்து புகைந்து எரியும்போது டையாக்சின் உண்டாகும். உள்ளே செம்புக் கம்பி இருந்தால் அந்தச் செம்பே வினையூக்கியாகி டையாக்சினைக் கூட்டும். டையாக்சின் கொழுப்பில் தங்கும், உடம்பை விட்டுப் போக வருஷக்கணக்கில் ஆகும், தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்கும் போகும். ஃபோம் மெத்தை எரிந்தால் கார்பன் மோனாக்சைடோடு ஹைட்ரஜன் சயனைடும் வரும்.

உயர் நீதிமன்ற உத்தரவின்படி டயர், டியூப், பிளாஸ்டிக் போன்றவற்றை எரிக்கத் தடை இருக்கிறது, மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் அறிக்கையும் விடுகிறது. அறிக்கையைவிட எனக்கு உருப்படியாகத் தெரிவது, சில ஆண்டுகளாகச் சென்னை மாநகராட்சி போகிக்கு முன்பே பழைய மெத்தை, துணி, டயரையெல்லாம் தனியாக வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு. ஒரு வீட்டில் பழைய மெத்தை இருந்தால் அதை என்னதான் செய்வது என்ற கேள்விக்கு அது ஒரு பதிலாவது தருகிறது.

இரண்டு செயலி, இரண்டு எண்

இந்தியாவில் காற்றுத் தரக் குறியீடு 2015-ல் வந்தது. எட்டு மாசுகளைக் கணக்கில் எடுத்து, எது மிக மோசமோ அதன் எண்ணையே அன்றைய எண்ணாகச் சொல்லும். 50 வரை நல்லது, 100 வரை திருப்தி, 200 வரை மிதமானது, 300 வரை மோசம், 400 வரை மிக மோசம், அதற்கு மேல் 500 வரை கடுமை. 500-க்கு மேல் அந்த அளவுகோலில் எண்ணே கிடையாது.

குழப்பம் மூன்று இடத்தில் வருகிறது.

முதலாவது, சராசரி. பிஎம் 2.5-க்கு அரசுக் கணக்கு கடந்த 24 மணி நேரச் சராசரி. ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சாதாரணமாக ஒரு கன மீட்டர் காற்றில் 40 மைக்ரோகிராம் இருக்கிறது, போகியன்று 4 மணி முதல் 8 மணி வரை மட்டும் 400 என்று வைத்துக்கொள்வோம். ஆறு மணிக்குக் கடந்த 24 மணி நேரத்தில் 22 மணி நேரம் 40, 2 மணி நேரம் 400. சராசரி 70. குறியீட்டில் அது 130-ஐ ஒட்டி வரும், அதாவது "மிதமானது". வெளியே எதிரில் வருபவர் முகம் தெரியாது, செயலியோ மிதம் என்கிறது. எட்டு மணிக்குச் சராசரி 100 ஆகிறது, குறியீடு 230-க்கு மேல் போய் "மோசம்" என்று மாறுகிறது. பிற்பகல் இரண்டு மணிக்குக் காற்று தெளிந்து வெயிலடிக்கும், எண் மட்டும் அதே "மோசம்"தான், ஏனென்றால் காலை நான்கு மணி நேரம் இன்னும் கணக்கில் இருக்கிறது. எண் பொய் சொல்லவில்லை. அது நாள் முழுதுக்குமான கணக்கு, நாம்தான் அதை அந்த நிமிடத்துக் கணக்காகப் படிக்கிறோம். தனியார் செயலிகள் பல அந்த மணி நேரத்து அளவைக் காட்டுகின்றன, அதனால் அவை ஆறு மணிக்கே அலறுகின்றன.

இரண்டாவது, அளவுகோல். இந்தியக் கணக்கில் 60 மைக்ரோகிராம் என்றால் குறியீடு 100, "திருப்தி". அமெரிக்க அளவுகோலைப் பயன்படுத்தும் செயலியில் அதே 60, 150-ஐத் தாண்டி "ஆரோக்கியமற்றது" என்று வரும். ஒரே காற்று, ஒரே கருவி, இரண்டு பெயர். 2024 நவம்பர் 18 அன்று டெல்லியில் அரசு எண் 494 என்றும் வெளிநாட்டுச் செயலியில் ஆயிரத்துக்கு மேல் என்றும் வந்ததற்கு இந்த இரண்டு காரணங்களும் 500 என்ற உச்சவரம்பும் சேர்ந்ததுதான் விளக்கம்.

மூன்றாவது, வரம்பு. பிஎம் 2.5-க்கு 24 மணி நேர இந்திய வரம்பு 60 மைக்ரோகிராம், உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னது 15. ஆண்டுச் சராசரிக்கு இந்தியா 40, அவர்கள் 5. "வரம்புக்குள்தான் இருக்கிறது" என்று யாராவது சொன்னால் எந்த வரம்பு என்று கேட்க வேண்டும்.

மற்ற 364 நாட்கள்

போகி ஒரு காலைப்பொழுது. வட சென்னைக்கு இது ஆண்டு முழுக்க இருக்கிறது. அத்திப்பட்டில் வட சென்னை அனல் மின் நிலையம், பக்கத்தில் வல்லூர் அனல் மின் நிலையம், மணலியில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும், எண்ணூர்த் துறைமுகத்துக்குப் போகும் லாரிகள், கொடுங்கையூர்க் குப்பைமேடு. தென்மேற்குப் பருவக் காற்றில் இந்தப் புகையின் பெரும்பகுதி கடலுக்குப் போகும். வடகிழக்கிலிருந்து காற்று வீசும் மாதங்களில் ஊருக்குள் சாயும். அங்கே போகியின் நான்கு மணி நேரத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வருவது நியாயமாக இருக்காது.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் 2025 ஜூலையில் வந்த ஒரு முடிவு இதில்தான் தொங்குகிறது.

நிலக்கரி எரியும்போது சாம்பலும் வரும், கந்தக டை ஆக்சைடு வாயுவும் வரும். மின்னேற்றம் கொடுத்துச் சாம்பலைப் பிடிக்கும் கருவி எல்லா நிலையங்களிலும் உண்டு, சரியாக ஓடினால் 99 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும். ஆனால் அது வாயுவைப் பிடிக்காது. வாயு புகைபோக்கி வழியாகப் போய், காற்றில் மணிக்கணக்கில், நாள்கணக்கில் மிதந்து சல்பியூரிக் அமிலமாகிறது. வயலில் போட்ட யூரியாவிலிருந்தும் கால்நடைக் கழிவிலிருந்தும் வரும் அம்மோனியாவோடு சேர்ந்து அம்மோனியம் சல்பேட் என்ற திடத் துகளாகிறது. அதுவும் பிஎம் 2.5 அளவில்தான் இருக்கும். அதாவது புகைபோக்கியிலிருந்து துகளாக வெளியே வராத ஒன்று, நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தாண்டிப் போய் அங்கே துகளாகப் பிறக்கிறது. இதைத்தான் இரண்டாம் நிலைத் துகள் என்கிறார்கள்.

இதைத் தடுக்க, சுண்ணாம்புக்கல் கரைசலில் புகையைக் கழுவும் கந்தக நீக்கக் கருவி இருக்கிறது. 2015 டிசம்பரில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் கொண்டுவந்த வரம்புகளை எட்ட நிலையங்களுக்கு இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தார்கள். பிறகு தள்ளி, தள்ளி, தள்ளி, கடைசியில் 2025 ஜூலையில் நாட்டின் நிலக்கரி மின் அலகுகளில் முக்கால்வாசிக்கும் மேலானவற்றுக்கு அந்தக் கருவியே கட்டாயமில்லை என்று அறிவிக்கை வந்துவிட்டது. டெல்லித் தலைநகர் வட்டாரத்துக்கும் பத்து லட்சம் பேருக்கு மேல் வாழும் நகரங்களுக்கும் 10 கிலோமீட்டருக்குள் இருப்பவை மட்டும் கட்டாயம் வைக்க வேண்டும், அதற்கும் கெடு 2027 முடியும் வரை.

சொன்ன காரணங்கள் இரண்டு. இந்திய நிலக்கரியில் கந்தகம் குறைவு, அது உண்மை. ஊர்களில் அளந்தால் காற்றில் கந்தக டை ஆக்சைடு வரம்புக்குள்தான் இருக்கிறது, அதுவும் உண்மை. ஆனால் இரண்டாவது காரணம் போகி காலை ஒன்பது மணிக் கதைதான். வாயுவாகத் தேடினால் குறைவாகத்தான் இருக்கும், அது துகளாகிவிட்டதே. அந்தத் துகள் பிஎம் 2.5 கணக்கில் வேறொரு ஊரில் பதிவாகும், அந்த ஊர்க்காரர்கள் தங்கள் தெருத் தூசியைத் திட்டிக்கொண்டிருப்பார்கள். பத்து கிலோமீட்டர் என்று கோடு போடுவதும் அதனால்தான் எனக்குச் சரியாகப் படவில்லை. சல்பேட் துகள் பத்து கிலோமீட்டரில் நிற்பதில்லை.

குப்பைமேடுகளையும் விடக் கூடாது. 2022 ஏப்ரல் கடைசியில் பெருங்குடிக் குப்பைமேடு பற்றி எரிந்தபோது அணைக்கவே பல நாட்கள் ஆயிற்று. போகிக் குவியலில் இருக்கும் அதே பிளாஸ்டிக்தான், அளவு மட்டும் ஒப்பிடவே முடியாதது.

உடம்புக்குள் போனதும்

காற்று மாசு என்றால் இருமல், ஆஸ்துமா என்றுதான் பலரும் நினைக்கிறோம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு வேறு மாதிரி இருக்கிறது. 2019-ல் வெளிக் காற்று மாசால் உலகில் சுமார் 42 லட்சம் பேர் காலத்துக்கு முன்பே இறந்தார்கள், அதில் ஏறத்தாழ 68 சதவீதம் மாரடைப்பும் பக்கவாதமும். நுரையீரல் வழியாகப் போவது எப்படி இதயத்தில் அடிக்கிறது?

1. நுண்துகள் கடைசிக் காற்றுப்பை வரை போகிறது. அங்கே சளிப் படலம் இல்லை, வெளியே தள்ள வழியில்லை.
2. நோய் எதிர்ப்பு அணுக்கள் அதை விழுங்கப் பார்க்கின்றன. கரித்துகளைச் செரிக்க முடியாமல் அழற்சியைத் தூண்டும் வேதிப்பொருள்களை ரத்தத்தில் விடுகின்றன.
3. மிக நுண்ணியவை நேரடியாக ரத்தத்திலேயே கலக்கின்றன.
4. ரத்தக் குழாயின் உட்சுவர் கெடுகிறது, ரத்தம் உறையும் தன்மை கூடுகிறது, இதயத் துடிப்பின் ஒழுங்கும் மாறுகிறது. ஏற்கெனவே கொழுப்பு படிந்த குழாய் இருப்பவருக்கு அடைப்பு விழ இது போதும்.

அதனால்தான் இறப்புச் சான்றிதழில் மாரடைப்பு என்று இருக்கும், புகை என்று எங்கும் இருக்காது.

கருவில் இருக்கும் குழந்தையையும் இது விடவில்லை. போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டில் 1285 கர்ப்பிணிகளைப் பின்தொடர்ந்து 2018-ல் ஒரு முடிவு வெளியிட்டார்கள். கர்ப்ப காலத்தில் பிஎம் 2.5 பத்து மைக்ரோகிராம் கூடினால் குழந்தையின் பிறப்பு எடை சராசரியாக 4 கிராம் குறைகிறது, எடை குறைந்து பிறக்கும் குழந்தைகளும் 2 சதவீதம் கூடுகிறார்கள். ஒரு குழந்தைக்கு 4 கிராம் ஒன்றுமில்லை என்று தோன்றலாம். ஆனால் விறகடுப்பில் சமைக்கும் வீட்டுக்கும் கேஸ் வைத்திருக்கும் வீட்டுக்கும் வித்தியாசம் பத்து மைக்ரோகிராம் அல்ல, நூறுக்கு மேலும் போகும்.

இன்னொரு முக்கியமான விஷயம், மாசுக்கும் இதய நோய்க்கும் உள்ள உறவு நேர்க்கோடு இல்லை. தொடக்கத்தில் செங்குத்தாக ஏறி, மாசு மிக அதிகமான இடத்தில் மெல்லத் தட்டையாகிறது. அதாவது பிஎம் 2.5 அளவு 10-லிருந்து 40-க்குப் போகும்போது கூடும் ஆபத்து, 110-லிருந்து 140-க்குப் போகும்போது கூடுவதைவிட அதிகம். சென்னையின் ஆண்டுச் சராசரி பெரும்பாலும் 40-க்குள் அடங்கிவிடுவதால் "டெல்லி மாதிரி இல்லை" என்று நிம்மதி அடைகிறோம். அந்த வளைகோட்டில் சென்னை நிற்பது செங்குத்தான பகுதியில்.

பணம் எதைத் துரத்துகிறது

2019 ஜனவரியில் தேசியத் தூய காற்றுத் திட்டம் தொடங்கியது. அதில் முன்னேற்றத்தை அளக்கப் பெரும்பாலும் பிஎம் 10-ஐத்தான் எடுத்துக்கொண்டார்கள். விளைவு என்ன? செலவான பணத்தில் பெரும்பகுதி சாலைத் தூசிக்கே போனது, பெருக்கும் இயந்திரம், தண்ணீர் தெளிக்கும் லாரி, நடைபாதைக் கல். பிஎம் 10 குறையும், எண் நன்றாக இருக்கும். காற்றுப்பை வரை போகும் துகளைத் தண்ணீர் தெளித்துப் பிடிக்க முடியாது, அது எரியும் இடத்தில்தான் நிறுத்த வேண்டும். புகைபோக்கியில், டீசல் எஞ்சினில், குப்பைமேட்டில், விறகடுப்பில். எதை அளக்கிறோமோ அதைத்தான் சரிசெய்வோம் என்பதால், பிஎம் 2.5-ஐ அளவுகோலாக வைக்கச் சொல்லிக் கேட்பது வெறும் தொழில்நுட்பக் கோரிக்கை இல்லை, பணம் போகும் திசையையே மாற்றும் கோரிக்கை.

சரி, போகியன்று வீட்டில் என்ன செய்வது? காலை 4 முதல் 9 வரை ஜன்னலைச் சாத்தி வையுங்கள். நடைப்பயிற்சியை அன்று மாலைக்கு மாற்றுங்கள். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் மருந்தைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருங்கள், வெளியே போயே ஆக வேண்டுமென்றால் என்95 முகக்கவசம் போடுங்கள். துணி முகக்கவசமும் ஈரக் கைக்குட்டையும் தூசியை நிறுத்தும், இந்தத் துகளை நிறுத்தாது.

அப்புறம், மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இணையதளத்தில் மணலி, கொடுங்கையூர், ராயபுரம், வேளச்சேரி, பெருங்குடி என்று நிலையம் நிலையமாக எண்கள் இருக்கின்றன. மொத்தக் குறியீட்டை விட்டுவிட்டு, அந்த மணி நேரத்துப் பிஎம் 2.5 அளவைப் பாருங்கள். போகியன்று காலை ஆறு மணிக்கு மணலியில் என்ன எண் என்று குறித்துக்கொண்டு, பொங்கல் முடிந்து பத்து நாள் கழித்து, யாரும் எதையும் எரிக்காத ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமை அதே ஆறு மணிக்கு அதே நிலையத்தின் எண்ணையும் எடுத்துப் பாருங்கள்.